பெண் நாய்களின் சினைப்பருவச் சுழற்சி

பெண் நாய்களின் சினைப்பருவச் சுழற்சி என்பது பருவமடைந்த பெண் நாயின் இனப்பெருக்க உறுப்புகளிலும் இயக்குநீர்களிலும் நடத்தையிலும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப நிகழும் மாற்றங்களின் தொகுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது நாய் "சூட்டுக்கு வருதல்" அல்லது "பருவத்துக்கு வருதல்" எனப்படுகின்றது. நகர்ப்புறங்களில் "ஹீட்" என்ற ஆங்கிலச் சொல்லும் வழங்குகின்றது. சராசரியாக ஏழு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சுழற்சி நிறைவடைகின்றது.

இச்சுழற்சியின் வெளிப்படையான அறிகுறிகள் குருதிக் கசிவும் நடத்தை மாற்றமும் ஆகும். இவ்விரண்டும் பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. குருதி நின்றவுடன் பருவம் முடிந்துவிட்டதாகக் கருதி நாயை அவிழ்த்துவிடுவது உண்டு. ஆனால் பெரும்பாலான நாய்களில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் அதன் பின்னரே வருகின்றன. அதுபோலவே, பெண் நாய் மற்றொரு நாயின் மீதோ மனிதரின் காலின் மீதோ ஏறுவதைக் கண்டு அது சூட்டுக்கு வந்துவிட்டதாகவோ நோயுற்றதாகவோ முடிவு செய்வதும் பல வேளைகளில் பிழையாகின்றது.

பெயர்களும் வழக்கும்

தமிழில் பெண் நாய் "பெட்டை நாய்" என்றும் ஆண் நாய் "கடுவன் நாய்" என்றும் அழைக்கப்படுகின்றன. கால்நடை மருத்துவ நூல்களில் "சினைப்பருவம்" என்ற சொல் மாடு, ஆடு, நாய் ஆகிய அனைத்துக்கும் பொதுவாகப் பயன்படுகின்றது. பாலூட்டிகளின் சினைப்பருவக் கட்டங்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் கலைச்சொற்களுக்கு அடிப்படை அமைத்தவர் ஆங்கிலேய உயிரியலாளர் வால்டர் ஹீப் ஆவார். இவர் 1900 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் பாலூட்டிகளின் இணைசேர் காலத்தைப் படிநிலைகளாகப் பிரித்துப் பெயரிட்டார்.

பருவமடைதல்

பெண் நாய் பொதுவாக 6 முதல் 24 மாத வயதுக்குள் முதன்முறை பருவத்துக்கு வருகின்றது. சிறிய உடலமைப்புக் கொண்ட இனங்கள் முன்னதாகவும் பெரிய இனங்கள் தாமதமாகவும் பருவமடைகின்றன. முதல் சுழற்சியில் அறிகுறிகள் மங்கலாக இருக்கலாம். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமலேயே கருமுட்டை வெளியேறும் நிலை "அமைதிப் பருவம்" எனப்படும். சில இளம் நாய்களில் அறிகுறிகள் தொடங்கிச் சில நாட்களில் நின்றுவிட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் தோன்றி முழுமையடைவதும் உண்டு.

இரு சினைப்பருவங்களுக்கு இடைப்பட்ட காலம் 5 முதல் 11 மாதங்கள் வரை வேறுபடுகின்றது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பசெஞ்சி இன நாய் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பருவத்துக்கு வருகின்றது. மனிதப் பெண்களுக்கு உள்ளதுபோல் மாதவிடாய் நிறைவு என்ற நிலை நாய்களுக்கு இல்லை. வயது கூடும்போது இடைவெளி நீளுமே தவிர, சுழற்சி முற்றிலும் நின்றுவிடுவதில்லை. எனவே முதிய நாயும் கருவுறக்கூடும்.

சுழற்சியின் கட்டங்கள்

முன்சினைப்பருவம்

இக்கட்டம் சராசரியாக 9 நாட்கள் நீடிக்கின்றது. 3 நாட்களில் முடிவதும் 17 நாட்கள் வரை நீள்வதும் இயல்பே. பிறப்புறுப்பின் வெளிப்பகுதி வீங்கி இறுகிக் காணப்படும். அதிலிருந்து குருதி கலந்த நீர் கசியும். நாய் அமைதியின்றி அலையும். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிக்கும். அதன் மணத்தால் ஆண் நாய்கள் தொலைவிலிருந்தும் வந்து கூடும். ஆயினும் பெண் நாய் அவற்றை நெருங்கவிடாது. அமர்ந்துகொள்ளும், உறுமும் அல்லது கடிக்க முயலும்.

சினைப்பருவம்

இதுவும் சராசரியாக 9 நாட்கள் நீடிக்கின்றது. இதன் எல்லை 3 முதல் 21 நாட்கள் வரை ஆகும். கசிவின் சிவப்பு நிறம் மங்கி வைக்கோல் நிறத்தை அடைகின்றது. வீக்கம் சற்றுத் தளர்ந்து மென்மையாகின்றது. வால் அடியைத் தொட்டால் நாய் அசையாது நின்று வாலை ஒருபுறமாக ஒதுக்கும். இது இணைசேர்தலை ஏற்கும் நிலைக்கு உரிய நம்பகமான அடையாளமாகக் கருதப்படுகின்றது. கருமுட்டை வெளியேறுவதும் இக்கட்டத்திலேயே ஆகும். சில நாய்களில் சினைப்பருவம் முழுவதும் குருதி நிறம் மாறாமல் இருப்பதால், நிறத்தை மட்டும் வைத்து நாட்களைக் கணக்கிட முடியாது.

பின்சினைப்பருவம்

பெண் நாய் ஆண் நாயை ஏற்க மறுக்கத் தொடங்குவதுடன் இக்கட்டம் ஆரம்பமாகின்றது. இது ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடிக்கின்றது. கருவுற்றாலும் கருவுறாவிட்டாலும் இக்காலத்தில் புரோஜெஸ்டிரோன் இயக்குநீர் உயர்ந்த அளவிலேயே இருக்கும். இது நாய்களுக்கே உரிய சிறப்பான இயல்பு ஆகும். பொய்ச்சினை, கருப்பைச் சீழ் ஆகிய இரண்டும் இக்கட்டத்தில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஓய்வுப்பருவம்

இது பொதுவாக நான்கு முதல் ஐந்து மாதங்கள் வரை நீடிக்கும் ஓய்வுக்காலம் ஆகும். கருப்பையின் உட்சுவர் இக்காலத்தில் சீரடைகின்றது. வெளியில் எந்த அறிகுறியும் இராது. கருத்தடை அறுவைக்கு இக்காலமே மிகவும் ஏற்றது.

இயக்குநீர்களின் பங்கு

முன்சினைப்பருவத்தில் சூலகங்களில் வளரும் நுண்ணறைகள் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரைச் சுரக்கின்றன. வீக்கத்துக்கும் குருதிக் கசிவுக்கும் ஆண் நாய்களை ஈர்க்கும் மணத்துக்கும் இதுவே காரணம். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கும்போது, கருமுட்டை வெளியேறுவதற்கு முன்னரே புரோஜெஸ்டிரோன் உயரத் தொடங்குகின்றது. இவ்வேளையில் மூளையடிச் சுரப்பியிலிருந்து லூட்டினாக்க இயக்குநீர் திடீரெனப் பெருமளவில் வெளிப்படுகின்றது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு நாட்களில் கருமுட்டைகள் வெளியேறுகின்றன.

பெரும்பாலான பாலூட்டிகளில் கருமுட்டை முதிர்ந்த நிலையில் வெளியேறும். நாயில் அது முதிராத நிலையிலேயே வெளியேறி, கருக்குழாயில் மேலும் இரண்டு முதல் மூன்று நாட்கள் கழித்தே கருவுறத் தகுதி பெறுகின்றது. ஆண் நாயின் விந்தணுக்களோ பெண் நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். ஆகவே சினைப்பருவத்தின் தொடக்கத்தில் நிகழும் ஒரே இணைசேர்தலும், நாட்கள் கழித்து நிகழும் இணைசேர்தலும் கருத்தரிப்பில் முடியலாம். ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தைகள் இருப்பதற்கும் இதுவே வழிவகுக்கின்றது.

நாயைத் திட்டமிட்டு இனவிருத்தி செய்வோர், குருதியிலுள்ள புரோஜெஸ்டிரோன் அளவையும் பிறப்புறுப்பின் உட்சுவர்ச் செல்களையும் சோதித்து ஏற்ற நாளை அறிகின்றனர். சினைப்பருவத்தில் இச்செல்கள் தட்டையாகி உட்கருவை இழந்து காணப்படும்.

குருதிக் கசிவும் மாதவிடாயும்

நாயின் குருதிக் கசிவு மாதவிடாய் அன்று. மனிதரில் கருவுறாத சுழற்சியின் முடிவில் புரோஜெஸ்டிரோன் குறைவதால் கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து குருதி வெளியேறுகின்றது. நாயில் சுழற்சியின் தொடக்கத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் கருப்பையின் நுண்குழல்களிலிருந்து குருதிச் செல்கள் கசிகின்றன, உட்சுவர் உதிர்வதில்லை. எனவே மனிதரில் குருதிப்போக்கு கருவுறாமையின் அடையாளம் என்றால், நாயில் அது கருவுறும் நாட்கள் நெருங்குவதன் அடையாளம் ஆகும்.

இவ்வேறுபாட்டை அறியாமையே வேண்டாத ஈற்றுகள் பலவற்றுக்குக் காரணமாகின்றது. முதல் வாரத்தில் நாயைக் கட்டிவைத்து, குருதி நின்ற பத்தாம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ அவிழ்த்துவிடும்போது, அது கருத்தரிக்க மிக ஏற்ற நாட்களில் வெளியே விடப்படுகின்றது. குருதி முதலில் தென்பட்ட நாளிலிருந்து குறைந்தது மூன்று முதல் நான்கு வாரங்கள் வரை, வீக்கம் முற்றிலும் வடியும்வரை, பெண் நாயை ஆண் நாய்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். நாய் தன்னை நக்கித் தூய்மை செய்துகொள்வதால் முதல் நாள் கசிவு கண்ணில் படாமல் போவதும் உண்டு.

மேலேறும் நடத்தை

ஒரு நாய் முன்கால்களால் மற்றொரு நாயையோ மனிதரையோ பொருளையோ பற்றிக்கொண்டு இடுப்பை அசைப்பது மேலேறும் நடத்தை எனப்படும். இது ஆண் நாய்களுக்கு மட்டும் உரியது என்ற கருத்து தவறானது. பெண் நாய்களிலும், கருத்தடை செய்யப்பட்ட நாய்களிலும், பருவமடையாத குட்டிகளிலும் இது காணப்படுகின்றது.

நாய்களின் இணைசேர் நடத்தையை ஆய்வகத்தில் முறையாக ஆராய்ந்தவர்களுள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பிராங்க் பீச் குறிப்பிடத்தக்கவர். இவரும் இவருடைய துணை ஆய்வாளர்களும் 1960களில் பீகிள் இன நாய்களைக் கொண்டு வரிசையாக ஆய்வுகளை வெளியிட்டனர். பெண் நாய்களின் மேலேறும் நடத்தையில் ஈஸ்ட்ரோஜனின் பங்கை 1968 ஆம் ஆண்டின் ஆய்வு தனியாக எடுத்துக்கொண்டது.

மேலேறுதலுக்கான காரணங்கள் பலவாகும்.

* விளையாட்டு: குட்டிகள் சில வார வயதிலிருந்தே ஒன்றன்மீது ஒன்று ஏறி விளையாடுகின்றன. இதில் பால் வேறுபாடு இல்லை.
* கிளர்ச்சியும் பதற்றமும்: விருந்தினர் வருகை, புதிய நாயின் வருகை, உரத்த ஒலி போன்றவற்றால் எழும் கிளர்ச்சி மேலேறுதலாக வெளிப்படலாம்.
* கவனத்தை ஈர்த்தல்: ஏறியவுடன் வீட்டார் சிரித்தோ கத்தியோ எதிர்வினை காட்டினால், நாய் அதனைப் பயனுள்ள செயலாகக் கற்றுக்கொள்கின்றது.
* சினைப்பருவம்: முன்சினைப்பருவத்திலும் சினைப்பருவத்திலும் பெண் நாய் மற்றப் பெண் நாய்கள் மீதும், சில வேளைகளில் தயங்கி நிற்கும் ஆண் நாயின் மீதும் ஏறுகின்றது.
* உடல் உபாதை: சிறுநீர்ப் பாதைத் தொற்று, பிறப்புறுப்பு அழற்சி, தோல் ஒவ்வாமை ஆகியவற்றால் ஏற்படும் அரிப்பும் எரிச்சலும் இந்நடத்தையைத் தூண்டலாம்.

நாய் தன் தலைமையை நிலைநாட்டவே மேலேறுகின்றது என்பது பரவலான விளக்கம் ஆகும். எல்லா நேர்வுகளுக்கும் இது பொருந்தாது. விளையாட்டிலும் கிளர்ச்சியிலும் நிகழும் மேலேறுதலைத் தலைமைப் போட்டியாகக் கருதி அடிப்பது, நாயின் பதற்றத்தைக் கூட்டி அந்நடத்தையை மிகுதியாக்கவே செய்யும். எதிர்வினை காட்டாமல் விலகுதல், வேறு செயலில் நாயின் கவனத்தைத் திருப்புதல், "உட்கார்" போன்ற பழகிய கட்டளையைக் கொடுத்தல் ஆகியவை பயன் தருகின்றன. நடத்தை திடீரெனத் தோன்றினாலோ, அடிக்கடி சிறுநீர் கழித்தல், பிறப்புறுப்பை இடைவிடாது நக்குதல் ஆகியவற்றுடன் சேர்ந்து காணப்பட்டாலோ கால்நடை மருத்துவரின் சோதனை தேவைப்படும்.

கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய் எப்போதாவது மேலேறுவது இயல்பே. ஆனால் அதனுடன் வீக்கமும் கசிவும் தோன்றி ஆண் நாய்களும் கூடினால், அறுவையின்போது சூலகத் திசுவின் ஒரு பகுதி உடலில் தங்கிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். மனிதர் தோலில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பை நாய் நக்குவதாலும் இத்தகைய அறிகுறிகள் தோன்றக்கூடும்.

இணைசேர்தலும் பிணைப்பும்

இணைசேர்தலின்போது ஆண் குறியின் அடிப்பகுதியிலுள்ள குமிழ் போன்ற திசு வீங்குவதாலும் பெண் நாயின் தசைகள் இறுகுவதாலும் இரு நாய்களும் பிணைந்து நிற்கின்றன. ஆண் நாய் இறங்கித் திரும்பியபின் இரண்டும் எதிரெதிர்த் திசையை நோக்கி நிற்பது வழக்கம். இப்பிணைப்பு பெரும்பாலும் 5 முதல் 30 நிமிடங்கள் வரை நீடித்துத் தானாகவே விடுபடும்.

தெருக்களில் இவ்வாறு பிணைந்து நிற்கும் நாய்களைக் கல்லால் அடிப்பதும் கோலால் பிரிப்பதும் காணப்படுகின்றது. இவ்வாறு வலிந்து பிரித்தால் இரு விலங்குகளின் உறுப்புகளும் காயமடையலாம். அடிப்பவரை நாய் கடிப்பதற்கும் இது காரணமாகலாம். பிணைப்பு ஏற்பட்ட நிலையில் பிரிப்பதால் கருத்தரிப்பும் தடைபடுவதில்லை. விந்தணு மிக்க பகுதி அதற்குள் வெளிப்பட்டிருக்கும்.

இணைசேர்தல் வழியாகப் பரவும் நோய்களும் உள்ளன. தொற்றும் பிறப்புறுப்புப் புற்று இந்தியத் தெரு நாய்களில் பரவலாகக் காணப்படுகின்றது. புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாறி வளர்வது இதன் தனித்தன்மை ஆகும். பிறப்புறுப்பிலிருந்து வாரக்கணக்கில் குருதி கசிந்தால் அதனைச் சினைப்பருவம் என்று எண்ணிவிடாமல் இந்நோயையும் கருத்தில் கொள்ள வேண்டும். வின்கிறிஸ்டின் என்ற மருந்தால் இது பெரும்பாலும் குணமாகின்றது.

சினைக்காலமும் பொய்ச்சினையும்

நாயின் சினைக்காலம் சராசரியாக 63 நாட்கள் ஆகும். இணைசேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் இது 57 முதல் 72 நாட்கள் வரை வேறுபடலாம். ஏறத்தாழ 25 ஆம் நாளுக்குப் பின் மீயொலிச் சோதனையாலும், 45 ஆம் நாளுக்குப் பின் எக்சு-கதிர்ப் படத்தாலும் சினையை உறுதி செய்யலாம்.

கருவுறாத நாயிலும் பின்சினைப்பருவத்தின் இறுதியில் புரோஜெஸ்டிரோன் குறைந்து புரோலாக்டின் உயர்வதால் மடி பெருத்துப் பால் சுரக்கலாம். அந்நாய் மூலையில் பள்ளம் பறிக்கும். துணியையோ பொம்மையையோ குட்டியாகப் பாவித்துக் காக்கும். இது பொய்ச்சினை எனப்படும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தீரும்.

கருப்பைச் சீழ்

சினைப்பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் கருப்பையில் சீழ் கோக்கும் நோய் தோன்றலாம். நடுவயதைக் கடந்த, குட்டி ஈனாத நாய்களில் இது மிகுதி. சோர்வு, உணவு மறுத்தல், வாந்தி, மிகுதியாக நீர் அருந்துதல், வயிறு உப்புதல் ஆகியவை அறிகுறிகள் ஆகும். கருப்பை வாய் திறந்திருந்தால் துர்நாற்றமுள்ள கசிவு வெளிப்படும். மூடியிருந்தால் வெளியில் எதுவும் தெரியாது. அதுவே மிக ஆபத்தான நிலை. உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்காவிட்டால் நாய் இறக்கக்கூடும். சூட்டுக்கு வந்துபோன நாய் இரு மாதங்களுக்குள் சோர்ந்து படுத்தால் அதனைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது.

சினைப்பருவத்தைத் தள்ளிப்போடச் செலுத்தப்படும் புரோஜெஸ்டிரோன் வகை ஊசிகள் கருப்பைச் சீழுக்கும் மடிக் கட்டிகளுக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. தவறி இணைசேர்ந்தபின் கருவைத் தடுக்க ஈஸ்ட்ரோஜன் ஊசி செலுத்தும் பழைய முறையும் எலும்பு மச்சையைப் பாதிக்கும் ஆபத்துடையது.

பருவகாலத் தன்மை

வீட்டு நாய்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரக்கூடும். ஆனால் இந்தியத் தெரு நாய்களில் பருவகால ஒழுங்கு ஒன்று காணப்படுகின்றது. ஜெய்ப்பூர் நகரத் தெரு நாய்களைப் பற்றி 2002 ஆம் ஆண்டில் சாவ்லா, ரீஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும், மேற்கு வங்காளத்தின் கட்வா பகுதி நாய்களைப் பற்றி 2003 ஆம் ஆண்டில் பால் வெளியிட்ட ஆய்வும், மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்தல் மிகுவதையும் குளிர்காலத்தை ஒட்டிக் குட்டிகள் பிறப்பதையும் காட்டின.

தமிழ் வழக்கில் மார்கழி மாதம் நாய்கள் இணைசேரும் மாதமாகச் சொல்லப்படுகின்றது. "மார்கழி மாதத்து நாய்" என்ற வசைத்தொடரும் இதனடிப்படையில் எழுந்ததே. மார்கழி நடுவில் கருவுற்ற நாய் 63 நாட்கள் கழித்து மாசியில் குட்டி ஈனும். ஐப்பசி நடுவில் கருவுற்றது மார்கழியின் குளிரிலும் ஈரத்திலும் ஈனும்.

இக்குட்டிகளில் பெரும்பாலானவை வளர்வதில்லை. கொல்கத்தாவை ஒட்டிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவும் குழுவினரும் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகள் கண்காணிக்கப்பட்டன. அவற்றுள் 19 விழுக்காடு மட்டுமே இனப்பெருக்க வயதை எட்டின. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு மனிதச் செயல்களே காரணமாக இருந்தன.

காரைக்கால் பகுதியில்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக் கடைமடையில் அமைந்துள்ளது. நிலப்பக்கத்தில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. இம்மாவட்டத்தின் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்தது போலகம் ஆகும். கடற்கரைப் பக்கத்தில் மீனவர் ஊரான பட்டினச்சேரியும், தெற்கே நாகூரை ஒட்டிய எல்லையில் வாஞ்சூரும் உள்ளன.

இத்தகைய கடைமடைச் சிற்றூர்களில் முழுமையாக வீட்டுக்குரிய நாய், முழுமையாகத் தெருவுக்குரிய நாய் என்ற பிரிவு தெளிவாக இருப்பதில்லை. ஒரு வீட்டில் சோறு உண்டு, அதன் திண்ணையில் படுத்து, பகலில் வயல், களம், கடைத்தெரு என்று அலையும் நாய்களே மிகுதி. கொல்லைப்புறம் வேலியால் மட்டும் அடைக்கப்பட்டிருக்கும் வீடுகளில், பருவத்துக்கு வந்த நாயைக் கட்டிவைப்பதால் மட்டும் ஆண் நாய்களைத் தடுக்க முடியாது. கட்டப்பட்ட நாய் ஓடித் தப்பவும் இயலாது. மூடிய அறையில் வைப்பதும், சிறுநீர் கழிக்கக் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்வதுமே பயன் தரும்.

பருவத்திலுள்ள பெண் நாயின் மணத்தைத் தேடி ஆண் நாய்கள் ஊர் விட்டு ஊர் செல்கின்றன. காரைக்காலில் சில கிலோமீட்டர் நடந்தாலே ஒன்றியப் பகுதியின் எல்லை கடந்து தமிழ்நாடு வந்துவிடும். எல்லையின் ஒருபுறம் நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும், மறுபுறம் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளும் பொறுப்பாக உள்ளன. ஆகவே ஒருபுறம் மட்டும் கருத்தடைப் பணி நடந்தால் அதன் பயன் குறைகின்றது.

புதுச்சேரியின் குரும்பாப்பேட்டையில் 1994 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் ஒன்றியப் பகுதியின் கால்நடை மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது. தொலைவின் அடிப்படையில் காரைக்காலுக்கு அருகிலுள்ளது, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகும்.

கருத்தடை

பெண் நாயின் சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து அகற்றுவது நிலையான கருத்தடை முறை ஆகும். இதனால் சினைப்பருவச் சுழற்சி நின்றுவிடுகின்றது. கருப்பைச் சீழும் தவிர்க்கப்படுகின்றது. சினைப்பருவத்தில் குருதி நாளங்கள் பெருத்திருப்பதால், பருவம் முடிந்து இரண்டு முதல் மூன்று மாதங்கள் கழித்து அறுவை செய்வது விரும்பப்படுகின்றது.

முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்தால் மடிப் புற்று வெகுவாகக் குறைகின்றது என்ற கருத்து 1969 ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலிருந்து பரவியது. 2012 ஆம் ஆண்டில் வெளியான மதிப்பாய்வு, இதற்கான சான்றுகள் வலுவற்றவை எனக் கூறியது. பெரிய இனங்களில் மிக இளம் வயதில் கருத்தடை செய்வது மூட்டு நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டலாம் என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனவே வீட்டு நாய்க்கு ஏற்ற வயது அதன் இனத்தையும் வாழும் சூழலையும் பொறுத்து முடிவு செய்யப்படுகின்றது. தெருவில் அலையும் நாய்க்கு, முதல் ஈற்றுக்கு முன் அறுவை செய்வதே முதன்மையானதாகக் கருதப்படுகின்றது.

இந்தியாவில் தெரு நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்த முன்னோடிகளுள் சென்னையின் புளூ கிராஸ் ஆப் இந்தியா அமைப்பு குறிப்பிடத்தக்கது. 1959 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு 1964 முதல் இம்முறையை வலியுறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி 1996 ஆம் ஆண்டில் இதனை ஏற்றது. 2001 ஆம் ஆண்டில் நடுவண் அரசின் நாய்களுக்கான விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023 ஆம் ஆண்டின் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவது இவ்விதிகளின் சாரம் ஆகும். அறுவை செய்யப்பட்டதற்கு அடையாளமாகக் காதின் நுனி வெட்டப்படுகின்றது.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லிப் பகுதித் தெரு நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற ஆணையிட்டது. அதே மாதம் 22 ஆம் நாள் அதனை மாற்றி, வெறிநோய் அறிகுறியோ கடுஞ்சீற்றமோ இல்லாத நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் அதே இடத்தில் விடலாம் எனக் கூறியது. 2025 நவம்பர் 7 ஆம் நாள் ஆணையில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது எனப் பணித்தது.

பொதுநலத்தில் தாக்கம்

இணைசேர் காலத்தில் ஒரு பெண் நாயைச் சுற்றிப் பல ஆண் நாய்கள் கூடிச் சண்டையிடுகின்றன. இடையில் செல்லும் சிறுவர்களும் இருசக்கர வண்டி ஓட்டிகளும் கடிபட நேர்கின்றது. குட்டி ஈன்ற நாய் தன் குட்டிகளைக் காக்க அருகில் வருவோரைத் தாக்கலாம். ஜெய்ப்பூரில் கருத்தடைத் திட்டம் நடைபெற்ற ஆண்டுகளில் மனிதர் நாய்க்கடிக்கு உள்ளாவது குறைந்ததாக 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கடிபட்டவர் புண்ணை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனடியாக மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கருத்தடை மட்டும் வெறிநோயைத் தடுப்பதில்லை. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போடப்பட வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கின்றது.

தவறான நம்பிக்கைகள்

* "ஒருமுறையாவது குட்டி ஈன்றபின் தான் கருத்தடை செய்ய வேண்டும்": இதற்கு மருத்துவ அடிப்படை இல்லை.
* "குருதி நின்றால் பருவம் முடிந்தது": பெரும்பாலும் கருத்தரிக்கும் நாட்கள் அப்போதே வருகின்றன.
* "உடன்பிறந்த நாய்கள் இணைசேரா": ஒரே ஈற்றில் பிறந்த நாய்களும் தாயும் மகனும்கூட இணைசேரும்.
* "முதல் பருவத்தில் கருவுறாது": முதல் பருவத்திலேயே கருவுறக்கூடும்.
* "மேலேறும் பெண் நாய்க்கு ஆண் நாய் தேவை": மேலேறுதலுக்குப் பல காரணங்கள் உண்டு. இணைசேர்த்தல் அதற்குத் தீர்வு அன்று.

இவற்றையும் பார்க்க

* வெறிநாய்க்கடி நோய்
* இராசபாளையம் நாய்
* சிப்பிப்பாறை நாய்
* காரைக்கால் மாவட்டம்